கருவில் இருப்பது யார்? திருச்சபை வரலாறு பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் போதகரோ குருவானவரோ அல்ல. திருச்சபை வரலாறு கற்பிப்பவன், பழைய ஏற்பாட்டு எபிரெயம் ஓரளவு படிப்பேன். கருக்கலைப்பு பற்றி வேதாகமமும் சபையும் என்ன சொல்லியிருக்கின்றன என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள், அதிகாரம் முழுவதையும் படித்துவிட்டு வாருங்கள்.

கடுகுவிதை: கருக்கலைப்பு பாவம் என்று வேதாகமத்தில் நேரடியாக எந்த இடத்தில் இருக்கிறது?

நேரடியாக எங்கேயும் இல்லை. அந்தச் செயலின் பெயரைச் சொல்லித் தடுக்கும் வசனமும் இல்லை, அனுமதிக்கும் வசனமும் இல்லை. கருவில் இருப்பதைக் கடவுள் எப்படிப் பார்க்கிறார் என்று காட்டும் இடங்கள் இருக்கின்றன. "என் கருவை உம்முடைய கண்கள் கண்டது" என்கிறது சங்கீதம் 139:16. அங்கே உள்ள எபிரெயச் சொல் 'கோலெம்', இன்னும் உருப்பெறாதது என்று பொருள், வேதாகமம் முழுவதிலும் ஒரே ஒருமுறைதான் வருகிறது. லூக்கா 1:41-ல் எலிசபெத்தின் வயிற்றில் துள்ளிய பிள்ளைக்கும், லூக்கா 2:12-ல் துணிகளில் சுற்றிக் கிடத்திய பிள்ளைக்கும் கிரேக்கத்தில் 'ப்ரெபோஸ்' என்ற ஒரே சொல். லூக்கா இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. எனக்கு இது கனமான சாட்சி. ஆனால் எலிசபெத்துக்கு அப்போது ஆறாம் மாதம், ஆகவே முதல் வாரத்தைப் பற்றிய கேள்விக்கு இந்த வசனம் பதில் சொல்லாது.

ஒலிவமரம்: எரேமியா 1:5 போதாதா? "தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே உன்னை அறிந்தேன்" என்று தெளிவாக இருக்கிறதே.

'உருவாக்குமுன்னே' என்ற சொல்லைக் கவனியுங்கள். கரு உண்டாவதற்கும் முன்னாலேயே அறிந்தேன் என்கிறார். இதை வைத்துக் கரு ஒரு நபர் என்று நிறுவப் போனால், கரு உண்டாகும் முன்பே எரேமியா ஒரு நபராக இருந்தார் என்றும் சொல்ல வேண்டி வரும், அதைச் சபை ஏற்கவில்லை. வசனம் பேசுவது கடவுளின் அழைப்பைப் பற்றி.

பழைய வாசகன்: முதல் ஆயிரம் வருடங்களுக்குச் சபை இதைக் கண்டுகொள்ளவே இல்லை, எல்லாம் இருபதாம் நூற்றாண்டு அரசியல் என்று படித்தேன். உண்மையா?

இல்லை. ஆனால் நீங்கள் படித்தவர் எதை வைத்து அப்படி எழுதினார் என்பது எனக்குப் புரிகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்த விவாதத்தில் இரண்டு தரப்புமே வரலாற்றில் பாதியைத்தான் சொல்கின்றன.

ஒரு பாதி இது. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட 'திதகே' என்ற போதனை நூல், கருக்கலைப்பால் பிள்ளையைக் கொல்லாதே என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதே காலத்துப் பர்னபாவின் நிருபம் என்ற கடிதத்திலும் அதே கட்டளை. சுமார் 197-ல் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், பிறப்பதைத் தடுப்பது முந்திச் செய்யும் கொலை, மனிதனாகப் போவதும் மனிதனே என்று எழுதினார். 314-ல் அன்கிராவில் கூடிய ஆயர்களின் சங்கம் இதற்குப் பத்து வருடத் தவம் விதித்தது, அதற்கு முன்பிருந்த விதி சாகும்வரை விலக்கிவைப்பது, அதைத் தளர்த்துகிறோம் என்று சொல்லியே விதித்தது. ஆகவே சபை கண்டுகொள்ளவில்லை என்பது பொய்.

மற்றப் பாதி. தவறு என்று எப்போதும் சொன்ன சபை, கொலை என்று எப்போதும் சொல்லவில்லை. உருப்பெற்ற கரு, உருப்பெறாத கரு என்ற பிரிவு நூற்றாண்டுகளாக இருந்தது. உருப்பெறாத கருவை அழிப்பதைக் கொலைக்குற்றமாக மேற்கத்திய சபையின் பெரிய ஆசிரியரான அகுஸ்தீன் எண்ணவில்லை. கருவில் உயிர் எப்போது தொடங்குகிறது என்பதை மனிதனால் கண்டறிய முடியுமா என்றே அவர் தயங்கினார். கிழக்குச் சபையின் ஆயர் பெரிய பசீலியார் நேர் எதிர், உருப்பெற்றதா இல்லையா என்ற நுட்பமெல்லாம் எங்களிடம் கிடையாது என்று எழுதினார். மேற்கில் இடைக்கால இறையியலாளர் அக்குவினா தோமா அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, ஆண் கருவுக்கு 40 நாளிலும் பெண் கருவுக்கு ஏறக்குறைய 90 நாளிலும் அறிவுள்ள ஆத்துமா வருகிறது என்று எடுத்துக்கொண்டார். அதற்கு முன் கலைப்பதும் அவருக்குப் பாவம்தான், ஆனால் கொலை அல்ல.

திருத்தந்தையர்களும் ஒரே கோட்டில் போகவில்லை. 1588-ல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் எந்த நிலையிலும் கலைப்பவருக்குக் கொலைக்கான தண்டனை என்றார். மூன்றே வருடத்தில், 1591-ல், பதினான்காம் கிரகோரி அதை உயிர்பெற்ற கருவுக்கு மட்டும் என்று குறைத்தார். 1869-ல் ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) அந்தப் பிரிவைத் தண்டனைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்.

எப்போதுமே கொலை என்றுதான் போதித்தோம் என்பதும் சரியில்லை, கவலையே படவில்லை என்பதும் சரியில்லை. இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்: எத்தனை வாரம் வரை சட்டம் அனுமதிக்கிறது?

நாட்டுக்கு நாடு மாறும். வழக்கறிஞரையோ மருத்துவரையோ கேளுங்கள்.

மருத்துவ மாணவி: கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்துக்குச் சிகிச்சை செய்வதும் கருக்கலைப்புதானா? என் தோழி ஒருத்தி பயந்துபோய் ஜெபித்துப் பார்க்கலாம் என்கிறாள்.

முதலில் தோழியை இன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். ஜெபம் வண்டியில் போகும்போதும் செய்யலாம். குழாய் வெடித்தால் உள்ளே ரத்தம் கொட்டித் தாய் இறந்துபோவாள், குழாயில் தங்கிய கரு வளர்ந்து பிறக்க வழியில்லை.

அடுத்து, கேள்வி. கருக்கலைப்பை மிகக் கண்டிப்பாக எதிர்க்கும் கத்தோலிக்க அறநெறியாளர்களுமே, கரு தங்கியுள்ள குழாயை வெட்டி எடுப்பதை ஏற்கிறார்கள். காரணம் இரட்டை விளைவு என்ற நெறி. ஒரு செயலுக்கு நல்ல விளைவும் கெட்ட விளைவும் உண்டு, நல்லதையே நாடுகிறோம், கெட்டது முன்கூட்டித் தெரிந்தாலும் அதை நாடவில்லை, அதை வழியாகவும் பயன்படுத்தவில்லை என்றால் அந்தச் செயலைச் செய்யலாம். அக்குவினா தோமா தற்காப்பைப் பற்றி எழுதிய இடத்தில்தான் இதற்கு வேர். குழாயைத் திறந்து கருவை மட்டும் எடுப்பது, கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் மருந்து கொடுப்பது இரண்டிலும் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது, சிலர் ஏற்கிறார்கள், சிலர் அது கருவை நேரடியாகத் தாக்குவது என்கிறார்கள். புராட்டஸ்டண்டு சபைகளில் பெரும்பாலும் இந்த நுட்பத்துக்குள் போவதே இல்லை, தாயைக் காப்பாற்று என்பார்கள்.

தெர்த்துல்லியனும் இங்கே நினைவுக்கு வருகிறார். அவ்வளவு கடுமையாக எழுதியவர்தான் இன்னொரு நூலில், பிரசவத்தில் பிள்ளை குறுக்கே சிக்கித் தாயைக் கொன்றுவிடும் நிலையில் மருத்துவர் கருவியால் அதை வெளியே எடுப்பதை 'தவிர்க்க முடியாத கொடுமை' என்று குறிப்பிடுகிறார். பிரசவ அறையில் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் எழுதினார்கள்.

நல்ல மேய்ப்பன்: யாத்திராகமம் 21:22-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? அடிபட்டு முன்கூட்டியே பிள்ளை பிறந்தால் அபராதம், பிள்ளைக்குச் சேதம் வந்தால் ஜீவனுக்கு ஜீவன். இதைவிடத் தெளிவு என்ன வேண்டும்?

அவ்வளவு தெளிவு இல்லை. இருவர் சண்டையில் கர்ப்பிணி மேல் அடிபடுகிறது. எபிரெயத்தில் "அவள் பிள்ளைகள் வெளியே வந்து, சேதம் இல்லையென்றால்" என்று மட்டுமே இருக்கிறது. வந்த பிள்ளை உயிரோடா, சேதம் யாருக்கு, இரண்டும் சொல்லப்படவில்லை. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "வேறே சேதமில்லாமல் கர்ப்பம் விழுந்துபோனால்" என்று போட்டது. அதாவது பிள்ளை போய்விட்டது, தாய்க்கு வேறு சேதமில்லை.

எபிரெய மாணவன்: அப்படியானால் கரு நபர் அல்ல என்று ஆகிவிட்டதே! கரு போனால் அபராதம், தாய் போனால் உயிர். முடிந்தது விவாதம்.

முடியவில்லை. அதே அதிகாரத்தில் 32-ம் வசனம் வரை படியுங்கள். மாடு முட்டி அடிமை இறந்தால் 30 சேக்கல் வெள்ளி கொடுத்தால் போதும். அதனால் அடிமை மனிதன் இல்லை என்று சொல்வீர்களா? தண்டனையின் அளவு, அந்தச் சமூகம் யாருக்கு எவ்வளவு நிலை கொடுத்தது என்று காட்டும். கடவுள் முன் அவர் யார் என்று அதிலிருந்து எடுக்க முடியாது.

நல்ல மேய்ப்பன்: 'வெளியே வருதல்' என்ற வினைச்சொல் ஆதியாகமம் 25-ல் ஏசா பிறந்ததற்கு வருகிறது. கருச்சிதைவுக்கு எபிரெயத்தில் தனிச்சொல் உண்டு. அதைப் போடவில்லையே?

நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். தனிச்சொல் இரண்டே அதிகாரம் தள்ளி 23:26-ல் வருகிறது. ஆனால் அதே 'வெளியே வருதல்' எண்ணாகமம் 12:12-ல் செத்துப் பிறக்கும் பிள்ளைக்கும் வருகிறது. ஆக, வினைச்சொல்லை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

எபிரெய மாணவன்: அமுராபியின் சட்டத்தில் இதே வழக்கு இருக்கிறது, அங்கே கருச்சிதைவுதான். அப்படித்தான் இதையும் படிக்க வேண்டும்.

பழைய பாபிலோன் அரசன் அமுராபியின் சட்டத்தில் 209-ம் விதிப்படி கருவுக்கு 10 சேக்கல் வெள்ளி, 210-ல் அந்தப் பெண் இறந்தால் அடித்தவனுடைய மகளைக் கொல்ல வேண்டும். வழக்கு ஒன்றுதான், அதனால் நானும் இந்த வசனத்தைக் கருச்சிதைவு என்றே படிக்கிறேன். ஆனால் கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் பதிப்பு 'சேதம்' என்ற இடத்தில் 'உருப்பெற்றது, உருப்பெறாதது' என்று போட்டுவிட்டது. உருப்பெறாத பிள்ளை என்றால் அபராதம், உருப்பெற்றது என்றால் உயிருக்கு உயிர். அகுஸ்தீன் கையில் இருந்த லத்தீன் இந்தக் கிரேக்கத்திலிருந்து வந்தது. ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு மேற்கத்திய சபையின் பல நூற்றாண்டுச் சட்டத்துக்குத் துணைநின்றது. எரோணிமுஸ் பின்னர் எபிரெயத்திலிருந்து லத்தீனில் மொழிபெயர்த்தபோது அந்தப் பிரிவு இல்லை, ஆனால் அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது.

நல்ல மேய்ப்பன்: அப்போ நீங்கள் அந்தப் பக்கமா?

கரு தொடக்கத்திலிருந்தே நம்மில் ஒருவர் என்று நம்புகிறேன். அதனால்தான் இந்த வசனத்தை அதற்குச் சாட்சியாகக் கூப்பிடமாட்டேன். சண்டையில் தவறிப் பட்ட அடியைப் பற்றிய சட்டம் இது, வேண்டுமென்றே கலைப்பதைப் பற்றியது அல்ல. இதன் மேல் கட்டினால் நாளை ஒரு எபிரெய மாணவன் வந்து தள்ளிவிடுவார், கூடவே நம்முடைய நல்ல வாதங்களும் விழும். இந்த வசனத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம்.

சாலேம்: ஆதியாகமம் 2:7-ல் மூச்சை ஊதிய பிறகுதானே மனிதன் ஜீவாத்துமாவானான்? அப்படியானால் முதல் மூச்சுக்கு முன்...

ஆதாம் கருவில் வளர்ந்தவன் அல்ல. அவன் படைக்கப்பட்ட விதத்தைப் பிறப்புக்கு அளவுகோலாக வைக்க முடியாது.

திராட்சைக்கொடி: யாத்திராகமம் 21:22 பற்றி உங்கள் கருத்து?

மேலே ஐந்து பதில்கள் இருக்கின்றன. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

உயிரியல் ஆசிரியர்: ஒரே கரு முதல் இரண்டு வாரத்துக்குள் இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகலாம். ஆத்துமா முதல் நாளே வந்துவிட்டால் அதுவும் இரண்டாகப் பிரிந்ததா?

இந்தப் பகுதியில் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கும் கேள்வி இதுதான். நபர் என்றால் அறிவுள்ள இயல்புடைய தனி ஒருவர் என்று பழைய கிறிஸ்தவ மெய்யியலாளர் போயெத்தியுஸ் வரையறுத்தார். இரண்டாகக்கூடியது எப்படித் தனி ஒருவர் என்று கேட்கும் கிறிஸ்தவ மெய்யியலாளர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் துரோகிகள் என்று தள்ளுவது நியாயமில்லை. எதிர்வாதம்: செடியில் ஒரு கிளையை வெட்டி நட்டால் இரண்டு செடி. அதனால் முதலில் ஒரு செடிகூட இல்லை என்று ஆகாது. பின்னால் பிரிய முடியும் என்பது முன்னால் ஒன்றாக இருந்ததை மறுக்கவில்லை.

வத்திக்கானே இதில் கவனமாகத்தான் எழுதியது. கருக்கலைப்பு பற்றிய 1974-ன் பிரகடனம், ஆத்துமா எப்போது சேர்கிறது என்ற கேள்வியைத் திறந்தே விட்டது. கருவில் இருப்பது மனிதராக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலே கொல்லத் துணிவது பெரும்பாவம் என்று வாதிட்டது. 1987-ன் அறிவுரையும் மெய்யியல் முடிவு ஒன்றைக் கட்டளையாக அறிவிக்காமல், மனித உயிரான ஒருவர் மனித நபராக இல்லாமல் எப்படி இருப்பார் என்று கேள்வியாகவே வைத்தது.

கடுகுவிதை: புராட்டஸ்டண்டுகள் எப்போதும் எதிர்த்தார்களா?

கால்வின் எதிர்த்தார், தாயின் வயிற்றுக்குள் இருந்தாலும் அது ஏற்கெனவே மனிதன் என்று எழுதினார். ஆனால் அமெரிக்காவின் தென்பாப்திஸ்து மாநாடு 1971-ல், பலாத்காரம், முறைகேடான உறவு, கருவின் கடுமையான ஊனம், தாயின் உடல்நலம், மனநலம் ஆகிய காரணங்களுக்குக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்காக உழைக்கும்படி தீர்மானம் போட்டது. கருக்கலைப்பை நாடெங்கும் அனுமதித்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1973-ன் ரோ தீர்ப்புக்கு இரண்டு வருடம் முன்பு! 1980-ல் நிலையை மாற்றிக்கொண்டார்கள், 2003-ல் பழைய தீர்மானங்களுக்காக வருந்தியே ஒரு தீர்மானம் போட்டார்கள். மறைக்காமல் ஒப்புக்கொண்டது நல்லது.

பெயர் வேண்டாம்: நேற்று மாத்திரை சாப்பிட்டேன், ரத்தப்போக்கு நிற்கவில்லை. இது பாவமா?

இதைப் படித்தவுடன் மருத்துவமனைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பாவத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், நான் இங்கேதான் இருக்கிறேன்.

ஒலிவமரம்: சங்கீதம் 139 பற்றிச் சொல்லுங்களேன்.

முதல் பதிலில் இருக்கிறது.

ராகேல்: நான் தொடக்கத்திலேயே கேட்டேன், பதில் வரவில்லை. பத்து வருடங்களுக்கு முன் கலைத்தேன். எனக்குப் பதினேழு வயது, வீட்டில் கட்டாயப்படுத்தினார்கள். மன்னிப்பு உண்டா? அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது? அதற்குப் பெயர் வைக்கலாமா?

மன்னியுங்கள். நீங்கள் காத்திருந்தபோது நாங்கள் ஒரு வினைச்சொல்லைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

மன்னிப்பு உண்டு. கத்தோலிக்கராக இருந்தால், உங்களைச் சபை விலக்கிவிட்டது என்று யாராவது சொல்லியிருக்கலாம். கடும் அச்சத்தால் கட்டாயப்படுத்தப்பட்டவர்மேல், தீர்ப்பு இல்லாமல் தானாகவே விழும் அந்த விலக்குத் தண்டனை விழுவதில்லை என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் கொடுத்தார். ஒரு குருவானவர் கடுமையாகப் பேசினால் இன்னொருவரிடம் போங்கள். வேறு சபையாக இருந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், பத்து வருடம் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள்.

பிள்ளையைப் பற்றி. ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைகள் பரலோகத்துக்கு வெளியே ஓர் இடத்தில் இருப்பார்கள் என்று பல நூற்றாண்டுகள் பலர் கற்பித்தார்கள், அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக இருந்ததில்லை. 2007-ல் கத்தோலிக்கப் பன்னாட்டு இறையியல் குழு, அவர்கள் கடவுளோடு இருக்கிறார்கள் என்று நம்பிக்கை கொள்ள வலுவான காரணங்கள் உண்டு என்று எழுதியது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-ல் உங்களைப் போன்ற பெண்களை நோக்கியே, நம்பிக்கையை இழக்காதீர்கள், பிள்ளையைப் பிதாவின் இரக்கத்தில் ஒப்படைக்கலாம் என்று எழுதினார்.

பெயர் வைக்கலாம். வைத்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், அந்தப் பெயரைச் சொல்லி நானும் ஜெபிக்கிறேன்.