பெட்டியில் 4000 லூமென், கையில் 800

டார்ச் பற்றிய கேள்விகள் கொஞ்ச நாளாகச் சேர்ந்துகொண்டே இருந்தன. அதனால் இந்த முறை முழுக்க டார்ச்தான்.

கேள்வி: புதிதாக ஒரு டார்ச் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்குகிற அளவு, ஒற்றை 21700 பேட்டரி (21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம்). போட்டதும் பகல் போல அடிக்கிறது, ஆனால் ஒன்றரை நிமிடத்தில் தானாகவே மங்கிவிடுகிறது. கழுத்துப் பகுதியில் கை வைக்க முடியவில்லை. பெட்டியில் ‘4000 லூமென், 2 மணி 15 நிமிடம்’ என்று போட்டிருக்கிறார்கள். இது பழுதா, ஏமாற்றா? திருப்பிக் கொடுத்துவிடவா?

பதில்: பழுது இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஏமாற்றா என்றால், விதிப்படி இல்லை, மனசாட்சிப்படி கொஞ்சம். அதை அப்புறம் சொல்கிறேன், முதலில் சூட்டைப் பார்த்துவிடுவோம்.

எல்.இ.டி. சுடாது என்று ஒரு நம்பிக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய குண்டு பல்பு டார்ச்சில் சூட்டில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிராக வெளிச்சத்தோடு சேர்ந்தே முன்பக்கம் போய்விடும், கண்ணாடிப் பக்கம்தான் சுடும். எல்.இ.டி.யில் வெளிச்சம் முன்னால் போகிறது, சூடு பின்னால் தங்கிவிடுகிறது. தங்கிய சூடு செம்புத் தகடு வழியாக அலுமினிய உடம்புக்கு வந்து, அங்கிருந்து காற்றுக்கும் உங்கள் கைக்கும் போயாக வேண்டும், வேறு வழி கிடையாது. ஆகவே கழுத்து சுடுகிறது என்றால் சூடு ஒழுங்காக வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவு வெளிச்சம் அடித்தும் உடம்பு ஜில்லென்றே இருந்தால்தான் நான் கவலைப்படுவேன், உள்ளே எல்.இ.டி. வெந்துகொண்டிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. லூமென் என்பது மொத்த வெளிச்சத்தின் அளவு, 4000 லூமென் எடுக்க சுமார் 40 வாட் வேண்டும். அதில் 13 வாட் போல வெளிச்சமாகப் போகிறது, மிச்சம் 27 வாட் சூடு. டார்ச்சின் உலோகம் 120 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 0.9 ஜூல், மொத்த உடம்புக்கு 108 ஜூல். ஒவ்வொரு நொடியும் 27 ஜூல் உள்ளே விழுகிறது, அப்படியானால் நாலு நொடிக்கு ஒரு டிகிரி. 30 டிகிரியில் தொடங்கினால் 100 நொடியில் 55 டிகிரி. அதற்கு மேல் வெறும் கையால் பிடித்துக்கொண்டிருக்க முடியாது, பேட்டரிக்கும் நல்லதில்லை என்பதால் பெரும்பாலான டார்ச்சுகள் 45-இலிருந்து 55 டிகிரிக்குள் ஏதோ ஓரிடத்தில் தானாகக் குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் பார்த்த ஒன்றரை நிமிடம் இதுதான். டார்ச் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

சரி, குறைத்துக்கொண்டு எங்கே போய் நிற்கும்? காற்று அசையாத அறையில் அந்த அளவு உடம்பு வெளியேற்றக்கூடிய சூடு 3 வாட், கையில் பிடித்திருந்தால் கொஞ்சம் கூட, 4 அல்லது 5. இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டு, குறைவாக ஓட்டும்போது எல்.இ.டி.யின் திறமை கொஞ்சம் கூடும் என்பதையும் சேர்த்தால் 700, 800 லூமென் வரும். இதுதான் உங்கள் டார்ச்சின் உண்மையான வெளிச்சம், மீதி 3200 அவசரத்துக்கு எடுத்துக்கொள்கிற கடன். வெளியே காற்றில் நடந்துகொண்டே அடித்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே நிற்கும், வீட்டுக்குள் மேசைமேல் நிறுத்தி வைத்து ‘மங்குகிறது’ என்று புகார் சொல்கிறவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

இப்போது அந்தப் பெட்டி. ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்று 2009-இல் வந்த ஒரு அளவுமுறை இருக்கிறது, நல்ல நிறுவனங்கள் அதைத்தான் பின்பற்றுகின்றன. அதன்படி டார்ச்சைப் போட்டு 30 நொடி கழித்து எடுப்பதுதான் ஆரம்ப வெளிச்சம். அந்த அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓடுகிற நேரம்தான் ஓடும் நேரம். உங்கள் டார்ச் 4000-இல் ஒன்றரை நிமிடம் ஓடி, 800-க்கு இறங்கி, அதிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி, கடைசியில் 400-க்குக் கீழே போகும்போதுதான் கடிகாரத்தை நிறுத்துகிறார்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்தால் 4000 லூமென் இரண்டேகால் மணி நேரம் வரும் என்றுதான் யாரும் படிப்பார்கள். அளவுமுறையில் பொய் இல்லை, அச்சடித்த விதத்தில் இருக்கிறது. ஒழுங்கான நிறுவனங்கள் வெளிச்சம் நேரத்தோடு எப்படி இறங்குகிறது என்று ஒரு வரைபடமும் கொடுக்கும். அது இல்லாத டார்ச்சை நான் இப்போதெல்லாம் வாங்குவதில்லை.

கேள்வி: அப்படியானால் பெரிய டார்ச்சாக வாங்கினால் சூட்டுப் பிரச்சினை இருக்காதா? விசிறி வைத்த டார்ச்கூட இருக்கிறதாமே?

பதில்: குறையும், போகாது. உலோகம் அதிகமானால் சூடேற நேரம் பிடிக்கும், மேற்பரப்பு அதிகமானால் நிலையாக நிற்கிற வெளிச்சம் கூடும். தலைப்பகுதியில் செதில் செதிலாக வெட்டியிருப்பது அதற்காகத்தான், சில மலிவு டார்ச்சுகளில் அழகுக்காக வெட்டியிருப்பார்கள், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். விசிறி வைத்தவை உண்மையிலேயே பல ஆயிரம் லூமெனை நீண்ட நேரம் பிடித்து நிறுத்தும், ஆனால் சத்தம் வரும், தூசி போகும், தோளில் வார் போட்டு மாட்ட வேண்டிய அளவு எடை இருக்கும். இமாலென்ட் எம்.எஸ்.18 என்று ஒன்று, 18 எல்.இ.டி., விசிறி, 1 லட்சம் லூமென். அதுவும் முழு வெளிச்சத்தில் சுமார் ஒரு நிமிடம்தான். எவ்வளவு பெரிதாகச் செய்தாலும் இந்தக் கணக்கு விடுவதில்லை.

கேள்வி: நண்பரிடம் 1000 லூமென் டார்ச் இருக்கிறது, என்னிடம் 3000. திறந்த வெளியில் அடித்துப் பார்த்தால் அவருடையது எங்கேயோ போகிறது, என்னுடையது காலடியிலேயே நிற்கிறது. எப்படி?

பதில்: லூமென் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வருகிற மொத்த வெளிச்சம், எல்லாத் திசைக்கும் சேர்த்து. ஒரே திசையில் எவ்வளவு குவிகிறது என்பது கேண்டெலா. குழாயில் தண்ணீர் அதே அளவு வந்தாலும் வாயை விரலால் அடைத்தால் தூரம் பீய்ச்சுகிறதே, அது மாதிரி. நண்பருடைய டார்ச்சில் எல்.இ.டி. சின்னதாகவும் பின்னால் இருக்கிற கிண்ணம் பெரியதாகவும் ஆழமாகவும் இருக்கும், போய்ப் பாருங்கள்.

பெட்டியில் போடுகிற மீட்டர் கணக்கு எளிது: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் தூரம். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர், 40,000 என்றால் 400. அதாவது தூரம் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் நாலு மடங்கு கேண்டெலா. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், அந்தத் தூரத்தில் விழுகிற வெளிச்சம் 0.25 லக்ஸ், தெளிவான இரவில் முழுநிலா தருகிற அளவுதான். 400 மீட்டர் என்று போட்டிருந்தால் அங்கே நிற்பது மாடா புதரா என்று தெரியாது. பாதி, அல்லது மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

கண்ணும் நம்மை ஏமாற்றும். வெளிச்சம் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியாது, அதற்குக் கிட்டத்தட்ட நாலு மடங்கு வேண்டும். 2000 லூமெனுக்கும் 2500-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அந்த 500-க்காகக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் மட்டும் நிறைய இருக்கிறார்கள்.

கேள்வி: கொள்ளளவு 9900 எம்.ஏ.எச். என்று எழுதிய 18650 பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது. டார்ச்சோடு வந்தது வெறும் 3500. மாற்றினால் மூன்று மடங்கு நேரம் ஓடுமா?

பதில்: ஓடாது. 18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்ற அளவு, அவ்வளவுதான். அந்த டப்பாவுக்குள் இன்றைக்கு நல்ல நிறுவனங்கள் அடைக்கிறது 3500-ஐ ஒட்டித்தான், 4000-ஐத் தாண்டி எழுதியிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், உண்மையான 18650 கிட்டத்தட்ட 45-இலிருந்து 50 கிராம் இருக்கும், 21700 என்றால் 70 கிராம் போல. போலி பல சமயம் தராசிலேயே மாட்டிக்கொள்ளும்.

எம்.ஏ.எச். எண்ணை வைத்து டார்ச்சின் பொய்யையும் பிடிக்கலாம். 5000 எம்.ஏ.எச்., 3.6 வோல்ட், பெருக்கினால் 18 வாட்-மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று வைத்தால் 18 வாட்-மணிக்கு 1800 லூமெனை ஒரு மணி நேரம் எரிக்கலாம், அல்லது 900-ஐ இரண்டு மணி நேரம். ஒற்றை பேட்டரியில் 3000 லூமென் 5 மணி நேரம் நிற்கும் என்று யாராவது சொன்னால் இந்த ஒரு பெருக்கல் போதும். 1 லட்சம் லூமென் என்று எழுதிய பிளாஸ்டிக் டார்ச்சுக்குப் பெருக்கல்கூட வேண்டாம். காரில் வருகிற எச்7 ஹாலோஜன் பல்பே 55 வாட் எடுத்துக்கொண்டு 1500 லூமென்தான் தருகிறது.

கொள்ளளவு மட்டும் பார்த்தாலும் தப்பாகிவிடும். முழு வெளிச்சத்தில் உங்கள் டார்ச் ஒற்றை பேட்டரியிலிருந்து 11 ஆம்பியர் உறிஞ்சலாம். அதிகக் கொள்ளளவு உள்ள பேட்டரி எல்லாம் அவ்வளவு வேகமாகக் கொடுத்துவிடாது, மின்னழுத்தம் படக்கென்று இறங்கும், பேட்டரியே உள்ளே சூடாகும். பாதுகாப்புச் சுற்று உள்ள பேட்டரியானால் டார்ச் பட்டென்று அணைந்தே போகும், தவிர அது சில மில்லிமீட்டர் நீளமாக இருப்பதால் மூடி சரியாகத் திருகாமலும் போகலாம். எனவே டார்ச்சின் கையேட்டில் எத்தனை ஆம்பியர் தொடர்ந்து தரக்கூடிய பேட்டரி என்று கேட்டிருக்கிறார்களோ அதையே வாங்குங்கள். சார்ஜ் பாதியானதும் டர்போ, அதாவது முழு வெளிச்ச நிலை, வேலை செய்யவில்லை என்று இன்னொருவர் கேட்டிருந்தார், அவருக்கும் இதே பதில்தான்: மின்னழுத்தம் இறங்கிவிட்டால் அவ்வளவு மின்னோட்டம் இழுக்க முடியாது.

இதில் ஒரு நல்ல செய்தி. எல்.இ.டி.யை அதிகமாக ஓட்ட ஓட்ட அதன் திறமை குறையும், குறைவாக ஓட்டினால் கூடும். ஆகவே வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் ஓடும் நேரம் இரண்டு மடங்குக்கு மேலேயே கிடைக்கும், கூடவே சூடும் பாதிக்குக் கீழே வரும். பேட்டரி மாற்றுவதைவிட இது மலிவு.

கேள்வி: பையில் வைத்த டார்ச் தானாக எரியுமா? தீப்பிடிக்கும் என்று சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: எரியும். என் கால்சட்டைப் பையிலேயே எரிந்திருக்கிறது, துணியில் காசு அளவுக்குப் பழுப்பு வட்டம், தொடையில் இரண்டு நாள் எரிச்சல். பக்கவாட்டில் பொத்தான் உள்ள டார்ச்சுகளில் இது சகஜம். முன்கண்ணாடியை ஒட்டிக் கறுப்புத் துணியோ தாளோ இருந்தால் வருகிற வெளிச்சம் மொத்தமும் அங்கேயே சூடாக மாறும், வெளியேற வழியும் இல்லை, புகையும் வரலாம். அடி மூடியைக் கால் சுற்று தளர்த்தி வையுங்கள். பெரும்பாலான டார்ச்சுகளில் மரையில் மின்சாரம் கடத்தாத பூச்சு இருப்பதால் அந்தக் கால் சுற்றிலேயே மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடும். தளர்த்திய பிறகு பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பையில் போடுங்கள். சுட்டுக்கொண்டிருக்கும் டார்ச்சை உடனே சார்ஜில் மாட்டாதீர்கள், ஆறட்டும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள்.

கேள்வி: இரவில் நடக்க, மின்சாரம் போனால் வீட்டில் வைக்க ஒரே டார்ச். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அதிகபட்ச லூமெனைக் கையால் மறைத்துவிட்டு இரண்டாவது, மூன்றாவது நிலைகளைப் பாருங்கள். நடப்பதற்கு 200, 300 லூமென் தாராளம், வீட்டுக்குள் கூரையில் அடித்து வைக்க 100 போதும், பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பாமல் நடமாட 1 அல்லது 2 லூமெனில் ஒரு நிலை இருந்தால் அதை வாங்கியதற்கு நாளைக்குச் சந்தோஷப்படுவீர்கள். வெளிச்சம் சீராக நிற்க வேண்டுமென்றால் மின்னழுத்தத்தைக் குறைத்தோ கூட்டியோ எல்.இ.டி.க்குத் தரும் சுற்று, அதாவது பக் அல்லது பூஸ்ட் டிரைவர், இருக்கிறதா என்று விவரத்தில் தேடுங்கள். மலிவான டிரைவர்களில் பேட்டரி இறங்க இறங்க வெளிச்சமும் கூடவே இறங்கும். நிறம் 4000-இலிருந்து 5000 கெல்வினுக்குள் இருந்தால் கண்ணுக்கு இதம். நிறத்தை உள்ளபடி காட்டும் 90-க்கு மேல் சி.ஆர்.ஐ. உள்ள எல்.இ.டி.யில் லூமென் கொஞ்சம் குறையும், நான் அதைத்தான் எடுப்பேன், மண்ணும் இலையும் பாம்பும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிகிற டார்ச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது. பேட்டரி கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும், பொதுவான அளவிலும் இருக்க வேண்டும்.

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்துவிடுங்கள். இருட்டறையில் டார்ச்சைக் கூரையைப் பார்த்து நிறுத்தி, கொஞ்சம் தள்ளி மொபைலை வைத்து, லக்ஸ் அளக்கும் ஆப் ஒன்றில் நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மொபைல் சென்சாரின் எண் துல்லியமாக இருக்காது, பரவாயில்லை, முதல் எண்ணுக்கும் பத்தாவது நிமிட எண்ணுக்கும் உள்ள விகிதம்தான் நமக்குத் தேவை. அது ஐந்தில் ஒன்று என்றால் 4000-இல் உங்களுக்குச் சொந்தம் 800. அது போதாது என்றால் திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள் கொடுத்துவிட்டு, அதே விலையில் கொஞ்சம் தடித்த, லூமென் குறைவாக எழுதிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.