வெளிநாட்டுல போய் சொந்த அரசாங்கத்தோட வெளியுறவுக் கொள்கையை திட்டினா ஏன் இவ்ளோ சலசலப்பு?

சிம்பிளா சொன்னா இது ஒரு எழுதப்படாத வழக்கம், உள்ளூர்ல எவ்ளோ வேணா அடிச்சுக்கோங்க, எல்லை தாண்டிட்டா ஒரே குரல்ல பேசுங்கன்னு. அமெரிக்கால 'அரசியல் கடற்கரையோட நின்னுடணும்'பாங்க. 1947ல செனட் வெளியுறவுக் கமிட்டி தலைவரா இருந்த ஆர்தர் வாண்டன்பர்க் இதைப் பிரபலமாக்கினார், அவர் குடியரசுக் கட்சி, ஆனாலும் ஜனநாயகக் கட்சி அதிபர் ட்ரூமனுக்கு சப்போர்ட்டா நின்னார்.

காரணம் பேரம்தான். கல்யாணச் செலவுல யாருக்கு எவ்ளோ பங்குன்னு சம்பந்தி வீட்ல பேசிட்டு இருக்கோம், நம்ம சித்தப்பாவே காபி டம்ளரை கீழ வச்சிட்டு "எங்கண்ணன் சொல்ற கணக்கே தப்பு"ன்னா அப்புறம் அவங்க எதுக்கு இறங்கி வருவாங்க? நாடுகளும் அப்படித்தான், அடுத்த எலக்‌ஷன்ல ஆள் மாறட்டும்னு இழுத்தடிக்கும்.

1994ல ஜெனிவாவுல ஐநா மனித உரிமை கமிஷன்ல காஷ்மீர் விவகாரம் வந்தப்ப நரசிம்ம ராவ் எதிர்க்கட்சித் தலைவர் வாஜ்பாயையே இந்தியக் குழுவுக்கு தலைவரா அனுப்பினார், செம மூவ் அது.

என்னைக் கேட்டா இப்ப இந்த வழக்கத்துக்கு பாதி அர்த்தம் போயிடுச்சு, எங்க பேசினாலும் அஞ்சு நிமிஷத்துல வீடியோ உலகம் பூரா சுத்துது.

அப்புறம் இப்படி வெளிநாட்டுல விமர்சிக்கிறதை தேசத்துரோகம், ஜெயில்ல போடலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா அமெரிக்காவோட 1799 லோகன் சட்டம்கூட அனுமதியில்லாம வெளிநாட்டு அரசோட பேரம் பேசறதைத்தான் தடுக்குது, விமர்சனத்தை இல்ல, அதுலயும் இதுவரைக்கும் ஒருத்தர்கூட தண்டனை வாங்கினதில்ல.