பழைய பாணியில் படம் கேட்டால் எடுத்துத் தரலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அறுபதாம் கல்யாணம் முடிந்த தம்பதி, எண்பதுகளில் எடுப்பார்களே அந்த ‘டபுள் இமேஜ்’ வேண்டும் என்கிறார்கள். பெரிதாக ஒரு சைடு போஸ், பக்கத்தில் சின்னதாக முழு உருவம், மேலே லேசான பனி மூட்டம். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். எடுத்தால் ஸ்டுடியோ பெயர் கெடுமா?

பதில்: தாராளமாக எடுத்துக் கொடுங்கள். வழக்கமான சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாகப் பரப்பும் பெட்டி) வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்து, வெட்டி ஒட்டி, ஒரு ஆப் ஃபில்டரையும் போட்டுத் தந்தால்தான் பெயர் கெடும். அந்தப் பாணிக்கென்று ஒரு வேலைமுறை இருக்கிறது, அதன்படி செய்யுங்கள்.

அன்று ஒரே ஃபிலிமில் இரண்டு முறை எக்ஸ்போஸ் செய்தார்கள். முதல் தடவை கறுப்பாக விடப்பட்ட இடத்தில்தான் இரண்டாவது உருவம் பதியும். இன்று இரண்டு படங்களைத் தனித்தனியாக எடுத்து, கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் மோடில் (கறுப்பை விட்டு வெளிச்சத்தை மட்டும் கூட்டும் முறை) சேர்த்தாலும் கணக்கு அதேதான். பின்னால் கறுப்பு வெல்வெட் கட்டி, ஆளை அதிலிருந்து ஏழெட்டு அடி முன்னால் உட்கார வையுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, வெளிச்சம் சிதறாமல் தடுக்கும் கிரிட் மாட்டுங்கள். துணியில் வெளிச்சம் சிந்தினால் கறுப்பு சாம்பலாகிவிடும். இரண்டு சாம்பலும் கூடும்போது படம் முழுக்க வெளிறிப்போகும். நிறைய பேர் சறுக்குவது இங்கேதான்.

கருங்கூந்தல் கறுப்புத் துணியில் கரைந்துவிடும் என்பதால் அம்மாவுக்குப் பின்னாலிருந்து தலையின் விளிம்பைக் காட்டும் மெல்லிய ரிம் லைட் கொடுங்கள். ஐயாவுக்குத் தலை நரைத்திருந்தால் அது தேவைப்படாது. சின்ன உருவம் வர வேண்டிய இடத்தை முதல் படத்திலேயே காலியாக விடுங்கள். வெள்ளை வேட்டி பெரிய முகத்தின் கன்னத்தில் ஏறினால் கன்னம் காணாமல் போகும். இரண்டு படத்திலும் வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வரட்டும்.

பனி மூட்டத்துக்கு லென்ஸின் முன் கறுப்பு நைலான் வலையை இழுத்துக் கட்டினால் போதும். வெள்ளை வலை வெளிச்சத்தைச் சிதறடித்து, பாடுபட்டுக் காத்த கறுப்பைக் கெடுத்துவிடும். லென்ஸ் துவாரத்தை அகலமாக, எஃப் 4 அளவில் வைத்து எடுங்கள். துவாரத்தைச் சுருக்கி எஃப் 11க்குப் போனால் வலைக்கண்கள் தெரிய வாய்ப்புண்டு. வாஸலின் தடவுவதானால் பழைய யூவி ஃபில்டரின் ஓரத்தில் மட்டும், லென்ஸில் வேண்டவே வேண்டாம்.

புடவை மட்டும் கலர், மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். அரக்குப் பட்டின் சிவப்பு தாடையிலும் உள்ளங்கையிலும் அடித்திருக்கும். விளிம்பில் அது மிஞ்சினால் தோலில் சிவப்புக் கறை படிந்த மாதிரித் தெரியும். செய்தே ஆக வேண்டுமென்றால் அசலை அழிக்காமல் மறைக்க மட்டும் செய்யும் லேயர் மாஸ்கில் செய்து, முழுக் கலர் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

பேச்சை முடிப்பதற்கு முன், அவர்கள் மனதில் இருக்கும் பழைய படத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சிலருக்குப் பிடித்தது அந்த வெளிச்சம்தான், இரட்டை உருவம் அல்ல. எப்படியிருந்தாலும் வலையைக் கட்டுமுன் சாதாரணமாகச் சில படங்கள் எடுத்து வையுங்கள், பிள்ளைகள் பிறகு கேட்பார்கள். அரை நாள் வேலை என்று சொல்லி அதற்கேற்ற கட்டணம் வாங்குங்கள். இன்ஸ்டாகிராமில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். ஆனால் மண்டபத்தில் ஃப்ளாஷ் அடித்து எடுத்த படத்தைத் தந்து, ‘இதையே அப்படி மாற்றிக் கொடுங்கள்’ என்றால் மட்டும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.