கொரோனா காலத்தில் பார்க்காத ஆட்டங்களுக்கு டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்ட கால்பந்து ரசிகர்கள் தங்கள் அணிக்குத் துரோகம் செய்தார்களா?

துரோகமெல்லாம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் இருக்கும் அந்த ஒரு வார்த்தைதான் 2020-ல் நிறையப் பேரை உள்ளுக்குள் அரித்தது. நான் பணத்தைத் திரும்ப வாங்காதவன், அப்படியிருந்தும் இதைச் சொல்கிறேன்.

வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்தவன் நான். வேலைக்காக இங்கிலாந்து வந்த பிறகு பக்கத்து ஊர் அணிக்கு சீசன் டிக்கெட் எடுக்க ஆரம்பித்தேன். லீக் டூ அணி, அதாவது பிரீமியர் லீக்கிலிருந்து மூன்று படி கீழே. பெயர் வேண்டாம், காரணம் கடைசியில் புரியும். 2019-20 சீசனுக்கு 299 பவுண்டு கட்டியிருந்தேன். சொந்த மைதானத்தில் 23 ஆட்டம், ஆக ஆட்டத்துக்கு 13 பவுண்டு. 2020 மார்ச் 13 அன்று எல்லா லீக்குகளையும் நிறுத்தினார்கள். பிரீமியர் லீக் ஜூன் 17-ல் ஆளில்லா மைதானத்தில் திரும்பத் தொடங்கியது, எங்கள் லீக் தொடங்கவே இல்லை. பார்வையாளர் இல்லாமல், வீரர்களுக்குப் பரிசோதனைச் செலவும் செய்துகொண்டு ஆடினால் சின்ன அணிகளுக்குக் கட்டாது. ஆடிய வரைக்குமான சராசரிப் புள்ளியை வைத்து முடித்துவிட்டார்கள், ஸ்விண்டன் டவுன் சாம்பியன். எனக்குப் பார்க்காமல் போனது 5 ஆட்டம், 65 பவுண்டு.

ஜூனில் ஒரு மின்னஞ்சல் வந்தது. மூன்று வழி கொடுத்திருந்தார்கள்: பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அடுத்த சீசன் டிக்கெட்டில் கழித்துக்கொள்ளலாம், அணிக்கே விட்டுவிடலாம். நான் மூன்றாவதை அழுத்தினேன். இரண்டு நாள் யோசித்துத்தான் அழுத்தினேன், ஏனென்றால் எனக்கு வீட்டிலிருந்தே வேலை ஓடிக்கொண்டிருந்தது, சம்பளம் ஒரு பைசா குறையவில்லை, ரயில் பாஸ் காசு வேறு மிச்சம். விட்டுக்கொடுக்க முடிகிற இடத்தில் நான் இருந்தேன், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம், பரி (Bury) என்ற இங்கிலாந்து அணி. அந்த அணியை 1885-ல் தொடங்கினார்கள், எஃப்.ஏ. கோப்பையை இரண்டு தடவை ஜெயித்திருக்கிறது. 2019 ஆகஸ்ட் 27 அன்று, அணியை வாங்க ஆள் வந்துவிடுவார் என்று நம்பி, ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக கிக் லேன் மைதானத்துக்குப் போய் இருக்கைகளையெல்லாம் துடைத்து வைத்தார்கள். ஆள் வரவில்லை, அன்று ராத்திரியே அணியை லீக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதைப் பார்த்த ஒரு வருடத்துக்குள் நம் அணியிடமிருந்து பணம் கேட்கிறதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தால் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும். கீழ் லீக்குகளில் டிவி பணம் சொற்பம். சனிக்கிழமை கேட் கலெக்‌ஷனும், பை (pie), பியர், டீ விற்கிற காசும்தான் சம்பளத்துக்கு ஆதாரம். பிரீமியர் லீக் கதையே வேறு, கொரோனாவுக்கு முந்தைய சீசனில் அங்கே மொத்த வருமானத்தில் மைதானத்து வசூல் சுமார் 13 சதவீதம்தான். அங்கே டிக்கெட் எடுத்திருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு பணத்தைத் திரும்ப வாங்கியிருப்பேன்.

ஆனால் ஒன்று, விட்டுக்கொடுப்பது ரசிகராகப் பார்த்துச் செய்ய வேண்டியது. தராத சேவைக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இங்கே நுகர்வோர் விவகாரத்தைப் பார்க்கும் அரசு அமைப்பே 2020 ஏப்ரல் கடைசியில் தெளிவாகச் சொல்லியிருந்தது. அது சலுகை இல்லை, உரிமை. ஜெர்மனியில் சட்டத்தையே மாற்றி, பணத்துக்குப் பதில் வவுச்சர் கொடுக்கலாம் என்றார்கள், 2021 முடிகிற வரை பயன்படுத்தாவிட்டால்தான் பணம் கிடைக்கும். அதற்கு முன்னால் பணமாகவே வேண்டுமென்றால் கஷ்டம் இருக்க வேண்டும். ஷால்க அணி அந்தக் கஷ்டத்தை விளக்கி, ஆதாரத்தோடு தரச் சொல்லி ரசிகர்களிடம் படிவம் நீட்டியது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் அணி என்று பேர் எடுத்த ஒரு அணி, தன் ஆட்களிடமே 'உன் வறுமையை நிரூபி' என்று கேட்டது! ரசிகர்கள் கொதித்துப் போனார்கள், அப்புறம் அணி மன்னிப்புக் கேட்டது. அதே நாட்டில், அதே வசந்தத்தில், நான்காவது டிவிஷனில் இருந்த லோக்கோமோட்டிவ் லைப்சிக் நடக்காத ஒரு ஆட்டத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத எதிரணியோடு, ஒரு யூரோவுக்கு டிக்கெட் விற்றது. 1987-ல் பிரான்சின் போர்தோ (Bordeaux) அணியோடு ஆடியபோது வந்த 1,20,000 பேரைத் தாண்டுவதுதான் இலக்கு, அதைத் தாண்டியும் விற்றது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஆதாரம் கேட்கவில்லை. பிடித்தவர்கள் வாங்கினார்கள்.

இப்போது என் பக்கத்து இருக்கைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துக்காரர், உணவகத்தில் சமையல் வேலை. அந்த மார்ச்சில்தான் வேறு இடத்துக்கு மாறியிருந்தார். சம்பளத்தில் 80 சதவீதத்தை அரசு கொடுத்த திட்டத்தில் சேர வேண்டுமானால் மார்ச் 19-க்குள் சம்பளக் கணக்கில் பெயர் ஏறியிருக்க வேண்டும். இவர் பெயர் ஏறவில்லை. பழைய முதலாளி திரும்பச் சேர்க்கவில்லை, புது இடம் மூடிக் கிடந்தது. இரண்டு பிள்ளைகள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, சனிக்கிழமைகளில் மட்டும் பழக்கம்.

2021 ஆகஸ்டில் மைதானம் முழுசாகத் திறந்தது. டீக்கடைக்குப் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு பெரிய பலகை. 'அணிக்குத் துணை நின்றவர்கள்' என்று போட்டு, பணத்தை விட்டுக்கொடுத்த எல்லோருடைய பெயரும். என் பெயர் மூன்றாவது வரிசையில் இருந்தது. நான் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அவர் பின்னால் நிற்கிறார், இரண்டு கையிலும் டீ. ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, நான் அந்தக் காசைத் திருப்பி எடுத்திட்டன்." நான் கேட்கவே இல்லை. அந்தப் பலகைதான் அவரைச் சொல்ல வைத்தது. 65 பவுண்டு. அந்த வாரச் சாமானுக்குச் சரியாகப் போனதாம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அணி கெட்ட எண்ணத்தோடு அந்தப் பலகையை வைத்திருக்காது, அதை நம்புகிறேன். ஆனால் கொடுத்தவர் பெயரைச் சுவரில் எழுதினால் கொடுக்காதவர் பெயரையும் எழுதியது மாதிரிதான், பக்கத்து இருக்கையில் யார் உட்காருகிறார் என்று எல்லோருக்கும் தெரிகிற இந்த மாதிரிச் சின்ன மைதானத்தில். அவர் அடுத்த சீசனுக்கும் காசு கட்டித்தான் வந்திருந்தார். துணை நின்றவர் இல்லையென்றால் வேறு யார் அவர்?

அலுவலகத்துக்கு எழுதினேன். பலகையை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் என் பெயரையாவது எடுங்கள் என்றேன். மரியாதையாகப் பதில் போட்டார்கள்: மொத்தமாக அச்சடித்தது, ஒரு பெயரை மட்டும் எடுக்க முடியாது. பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் இப்போது பின்பக்க கேட் வழியாக உள்ளே போகிறோம், டீயும் அந்தப் பக்கக் கடையில்தான்.