பெர்மிட் இல்லாதவரின் இருமல்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: என் மகன் மலேசியாவில் ஜொகூர் பக்கம் கட்டட வேலை பார்க்கிறான். அழைத்துப் போன ஏஜெண்ட் பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டதால் மூன்று ஆண்டுகளாக ஓவர் ஸ்டேயில் இருக்கிறான். பாஸ்போர்ட்டும் அவன் கையில் இல்லை. ஒன்றரை மாதமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். உடம்பு இளைத்துப்போனது வீடியோ காலிலேயே தெரிகிறது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்கிறான். அது உண்மையா? நான் அவனுக்கு என்ன சொல்வது?
(தேவகோட்டை அருகிலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கள் மகனின் பயம் வெறும் வதந்தியைக் கேட்டு வந்ததல்ல. அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றறிக்கை, உரிய ஆவணமில்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் அரசு மருத்துவமனைகள் அதைக் காவல்துறைக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. கட்டணமும் ஒரு தடைதான். அந்நாட்டுக் குடிமகன் ஒரு ரிங்கிட் கொடுத்துப் பார்த்துவிட்டு வரும் புறநோயாளிப் பிரிவில் வெளிநாட்டவர் பல மடங்கு கொடுக்க வேண்டும். ஆகவே "பயப்படாமல் போ" என்று மட்டும் சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவனுடைய இருமலைப் பற்றி நான் பயப்படுவது அதைவிட அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதைக் காசநோய் என்று சந்தேகித்தே நாங்கள் சோதிப்போம். மருந்துக் கடை மாத்திரையால் இரண்டு கெடுதல்கள் உண்டு. லெவோஃப்ளாக்சசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகள் காசநோய்க் கிருமியைக் கொல்லாமல் சில வாரங்கள் அடக்கிவைக்கும். நோயாளி தேறிவிட்டதாக நினைத்துக்கொள்வார். சளிப் பரிசோதனையிலும் கிருமி அகப்படாமல் போகலாம். இரண்டாவது, அவ்வாறு அரைகுறையாக மருந்து பார்த்த கிருமி பின்னாளில் அந்த மருந்துக்கு மசியாது.

நான் இம்மாவட்டத்தில் அரசுப் பணியில் இருந்தபோது, அவுட் பாஸ் என்னும் அவசரச் சான்றிதழில் ஊர் திரும்பிய ஓர் இளைஞரை அவருடைய ஆத்தா அழைத்து வந்தார். மஞ்சள் பையிலிருந்து எடுத்த எக்ஸ்ரே படம் நான்காக மடிக்கப்பட்டிருந்தது. வெளிச்சப் பெட்டியில் மாட்டியபோது மடிப்புக் கோடுகள் இரண்டும் நுரையீரலின் குறுக்கே சிலுவைபோல் விழுந்திருந்தன. அதைத் தாண்டி வலப்பக்க மேற்பகுதியில் ஓட்டை விழுந்திருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. படம் எடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அங்கே தனியார் கிளினிக்கில் எடுத்துக்கொண்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று அவர்கள் சொன்னவுடன் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். அந்த ஐந்து மாதமும் பதினோரு பேர் படுக்கும் அறையில் பன்னிரண்டாவது ஆளாகப் படுத்திருந்திருக்கிறார்.

உங்கள் மகன் செய்ய வேண்டியது இதுதான். நான் மேலே சொன்ன சுற்றறிக்கை அரசு மருத்துவமனைகளுக்கானது. ஆகவே முதலில் தனியார் கிளினிக் ஒன்றில் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும். இதுவரை தின்ற மாத்திரைகளின் அட்டைகளை எறியாமல் மருத்துவரிடம் காட்டட்டும். நோய் உறுதியானால் மறுநாளே விமானம் ஏறிவிட நினைக்க வேண்டாம். தொற்றும் நிலையில் விமானப் பயணம் கூடாது. முறையான மருந்து தொடங்கிக் குறைந்தது இரண்டு வாரமாவது ஆகி, மருத்துவர் சரி என்ற பிறகே பயணம். மருந்தை அங்கே தொடங்கி இங்கே தொடரலாம். மருந்துச் சீட்டும் பரிசோதனை முடிவுகளும் கையில் இருக்க வேண்டும்.

ஊர் திரும்புவதற்குப் பாஸ்போர்ட் இல்லாதது தடையல்ல. கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும்; நம் பிள்ளைகள் அவுட் பாஸ் என்று சொல்வது அதைத்தான். 2019இலும் 2024இலும் மலேசிய அரசு, வழக்கு இல்லாமல் அபராதம் மட்டும் கட்டி ஊர் திரும்பும் திட்டங்களை அறிவித்தது. பலரும் அதைப் பொது மன்னிப்பு என்பார்கள். இப்போது எது நடப்பில் இருக்கிறது என்பதைத் தூதரகத்தில் நேராகக் கேட்க வேண்டும். நடுவில் ஒரு ஏஜெண்ட் வந்து நான்கு மடங்கு பணம் கேட்பார்; முதலில் மாட்டிவிட்டவரே இரண்டாவதாகவும் வருவதுண்டு. இங்கிருந்து நீங்கள் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதத் தளத்திலும் மனு பதியலாம். (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், மதத் என்றால் இந்தியில் உதவி.)

கேள்வி: ஆவணமில்லாமல் வருகிறவர்கள்தான் நோயைக் கொண்டுவந்து பரப்புகிறார்கள் என்று எல்லா நாட்டிலும் சொல்கிறார்களே? அதில் உண்மையே இல்லையா?
(கல்லூரி ஆசிரியர் ஒருவர், காரைக்குடி)

பதில்: நம் வட்டாரத்துக்காரர் இப்படிக் கேட்பது எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கிறது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க (வணிகம் செய்ய) போன ஊர் இது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்களைப் பினாங்கு போனவுடன் ஜெரெஜாக் தீவில் இறக்கி, அம்மையும் காலராவும் இல்லையென்று உறுதியான பிறகே உள்ளே விட்டார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளுக்கு மண்டபத்தில் அதே ஏற்பாடு இருந்தது. அந்த இடத்துக்கு இன்றும் மண்டபம் கேம்ப் என்றுதான் பெயர். அன்று "நோய் கொண்டுவருகிறவர்" என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் நம் பாட்டன்மார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர் பெரும்பாலும் வயதில் இளையவர், உழைக்கத் தெம்புள்ளவர். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019இல் வெளியிட்ட அறிக்கை, குடியேறியவர்களிடமிருந்து உள்ளூர் மக்களுக்குத் தொற்று பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்றது. எச்ஐவி உள்ள குடியேறிகளில் கணிசமானவர்கள் ஐரோப்பாவுக்கு வந்த பிறகே அதைப் பெற்றார்கள் என்பதையும் அது சொன்னது. நோய் வருவது போன இடத்தின் நெரிசலால். அது முற்றுவது தாமதத்தால். முறையான பெர்மிட் உள்ளவர்களுக்கே நெரிசல் என்ன செய்தது என்பதைச் சிங்கப்பூரில் பார்த்தோம். 2020இல் அங்கே விடுதிகளில் தங்கியிருந்த சுமார் 3,23,000 வெளிநாட்டுத் தொழிலாளர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு, 47 விழுக்காட்டினருக்கு, அவ்வாண்டு முடிவதற்குள் கொரோனா தொற்றியிருந்தது. அவர்களுக்குச் சோதனையும் சிகிச்சையும் இலவசமாகக் கிடைத்ததால் உயிரிழப்பு மிகச் சொற்பமாக இருந்தது.

பெர்மிட் இல்லாதவருக்கு அந்தச் சோதனையும் சிகிச்சையும் கிடைப்பதில்லை. மலேசியாவில் பெர்மிட்டுக்காக ஃபோமீமா என்ற மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறவருக்கு மார்பு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் உண்டு. தகுதியில்லை என்று முடிவு வந்தால் பெர்மிட் கிடையாது. பெர்மிட் இல்லாதவரோ அந்தப் பரிசோதனைக்குள்ளேயே வருவதில்லை. அதே 2020ஆம் ஆண்டு, கொரோனா சோதனைக்கு வருகிற ஆவணமில்லாதவர்களைக் கைது செய்யமாட்டோம் என்று முதலில் உறுதி சொல்லப்பட்டிருந்தும், மே 1 அன்று கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மாதமே புக்கிட் ஜாலில், செமினி தடுப்பு முகாம்களில் கொத்துக் கொத்தாகத் தொற்று வெளிப்பட்டது. ஒளிந்துகொள்ள வைத்தால் நோயும் சேர்ந்து ஒளிந்துகொள்ளும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நேரான உதாரணம் இல்லை.

தாராள மனத்தால் அல்ல, தங்கள் நலன் கருதியே வேறு வழி பார்த்த நாடுகளும் உண்டு. பிரிட்டனில் காசநோய் சிகிச்சைக்கு யாரிடமும் கட்டணம் இல்லை. 2012 அக்டோபரிலிருந்து எச்ஐவிக்கும் அப்படியே. பிரான்சில் ஆவணமில்லாதவர்களுக்கென்றே 2000ஆம் ஆண்டிலிருந்து அரசு மருத்துவ உதவித் திட்டம் இருக்கிறது.

கேள்வி: எங்கள் பழைய வீட்டைச் செப்பனிட ஒடிசாவிலிருந்து வந்த ஆறு பேர் இரண்டாங்கட்டில் தங்கியிருக்கிறார்கள். ஒருவர் இருமும்போது சளியில் இரத்தம் வருகிறது. ஆதார் அட்டை ஊரில் இருக்கிறதாம். அரசு ஆஸ்பத்திரியில் பார்ப்பார்களா? வீட்டில் பேரப்பிள்ளைகள் இருப்பதால் உடனே அனுப்பிவிடலாமா?
(கானாடுகாத்தானிலிருந்து வீட்டுக்காரர் ஒருவர்)

பதில்: ஐயா, அனுப்பவே அனுப்பாதீர்கள். அவர் நம் நாட்டுக் குடிமகன். அட்டை கையில் இல்லை என்பதற்காகப் பரிசோதனையையும் மருந்தையும் மறுக்க முடியாது. இன்றே காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நீங்களே கூட்டிப்போங்கள். மொழி தெரியாத ஊரில் அவர் தனியாகப் போய் வரிசையில் நிற்கமாட்டார். சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில் சளியை வைத்தால், நோய் உண்டா என்பதோடு ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. இடையில் ஊருக்குப் போக வேண்டியிருந்தால் நிக்ஷய் (அரசின் காசநோயாளிப் பதிவேடு) பதிவு எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அங்குள்ள மையத்தில் அதே சிகிச்சை தொடரும். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் (2024 நவம்பருக்கு முன் 500 ரூபாயாக இருந்தது). அவருடைய ஊர்க் கணக்கே போதும்.

ஒன்று கேட்கிறேன்: அவர் கல் அறுக்கிறவரா, தரைக்கு மிஷின் போட்டுத் தேய்க்கிறவரா? கல்தூள் நுரையீரலில் படிந்தவர்களைக் காசநோய் எளிதில் பிடிக்கும். இதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்ற ஐந்து பேரையும் சோதிக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளைப் பொறுத்தவரை, காசநோய் காற்றில்தான் பரவும். கதவடைத்த அறையில்தான் அதற்குக் கொண்டாட்டம். வானம் பார்த்த வளவு (முற்றம்) வைத்து வீடு கட்டிய உங்கள் முன்னோர் இந்த விஷயத்தில் உங்களுக்குப் பாதி வேலையைச் செய்துவைத்திருக்கிறார்கள். அவருடைய படுக்கையைக் காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். குழந்தைகள் அவரோடு நெருங்கிப் பழகியிருந்தால் அவர்களையும் காட்டுங்கள். தேவைப்பட்டால் தடுப்பு மருந்து தருவார்கள்.

கேள்வி: மலேசியாவில் பிடிபட்டுத் திரும்பிய தம்பிக்குக் காசநோய் என்று மருந்து தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. தட்டு, டம்ளர் தனியாக வைத்திருக்கிறோம். எங்கேயாவது சானடோரியத்தில் சேர்த்துவிடலாம் என்று உறவினர் சொல்கிறார்கள்.
(புதுவயல் வாசகி)

பதில்: தட்டு, டம்ளரால் இந்நோய் பரவாது; அவற்றைப் பிரித்து வைப்பதால் உங்கள் தம்பி மனம் நோவதுதான் மிச்சம். சானடோரியம் பற்றிய சந்தேகத்தை நம் சென்னையிலேயே தீர்த்துவிட்டார்கள். 1956இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் மறுபகுதியை நெரிசலான அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவைப் பார்த்துத்தான் உலகமே காசநோயாளிகளை வீட்டில் வைத்துக் குணப்படுத்தத் தொடங்கியது. தம்பி மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. அவர் செம்பனைத் தோட்டத்திலோ காட்டோரத்திலோ வேலை செய்திருந்து, குளிர்காய்ச்சலும் வந்தால், அதையும் காசநோயின் கணக்கில் எழுதிவிடாமல் மருத்துவரிடம் தோட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அப்பகுதிக் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் ஒருவகை மலேரியா உண்டு, எலிக்காய்ச்சலும் உண்டு. அந்த மலேரியாவை நம்மூரில் யாரும் தாமாக நினைத்துச் சோதிக்கமாட்டார்கள். மருந்து பற்றிய சந்தேகங்களுக்கு 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.