சிறுவர், இளையோர் மனநலத்தில் ஏன் இவ்வளவு அக்கறை தேவை?

"சோறும் படிப்பும் கிடைத்தால் போதாதா, பிள்ளைகளின் மனநலத்திற்கு எதற்கு இத்தனை முக்கியத்துவம்?" என்பது கேள்வி. இராமநாதபுரம் கடற்கரையில் பள்ளி ஆசிரியராக இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் மனநோய் என்றதும் ஏர்வாடிதான் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கிருந்த தனியார் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க வழியின்றிச் சிக்கிக்கொள்ள, 28 பேர் உயிரிழந்தனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. எனினும், முற்றிய பிறகே நோயைக் கவனிக்கும் நம் வழக்கத்தைச் சட்டம் மாற்றிவிடாது. மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பும், பாதி 18 வயதுக்கு முன்பும் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால், பிற்காலத்தில் காப்பகம் வரை போக நேர்ந்தவர்களில் பலருக்குத் தொல்லை தொடங்கியது பள்ளிச் சீருடையில் இருந்த காலத்தில்தான். அப்போது அதை யாரும் நோயென்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஏனெனில், பிள்ளைகளின் மனக்கலக்கம் அந்தப் பெயரோடு வருவதில்லை. எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குக் காலை முதல் பாடவேளையில் வயிற்றுவலி வந்துவிடும். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். "ஒண்ணுமே இல்லையாம் சார், மட்டம் போடப் பாக்குறான்" என்றார் தாய். அவனுடைய தந்தை விசைப்படகில் தொழிலுக்குப் போய், இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணத்தில் சிறையில் இருந்தார். வழக்கு வாய்தாவுக்கு வரும் நாட்களில் வலி கூடியதை ஒரு சக ஆசிரியைதான் கவனித்தார். வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் நின்று பேசுவதையெல்லாம் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால், அப்பாவின் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் 'சின்னப் பிள்ளைக்கு எதற்கு' என்று ஒருவரும் சொல்லவில்லை. அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் அவனிடமும் தாயிடமும் தனித்தனியே பேசி, உள்ளதை அவனுக்குப் புரியும்படி சொல்லச் சொன்னார். தந்தை திரும்புவதற்கு முன்பே வலி வெகுவாகக் குறைந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வளவு எளிதில் தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், நடிப்பு என்று முடிவு கட்டியிருந்தால் அவன் பள்ளியை விட்டே நின்றிருப்பான்.

'எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். 1964 புயலில் தனுஷ்கோடியை இழந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அச்சம் இருந்திருக்கும், விசாரிக்கத்தான் ஆளிருந்திருக்காது.

இந்தக் கரையில் மே மாதத்தை நான் தனியாகக் குறித்து வைப்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வருமானம் நின்று கடன் ஏறியிருக்கும் அந்த வேளையில்தான் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளும் பெரும்பாலும் வெளியாகின்றன. ஆகவே, தவறினால் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம், ஓராண்டு வீணாகாது என்பதை முடிவு வருவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளை சாகப் போவதாகச் சொன்னால், மிரட்டல் என்று ஒதுக்காமல், தனியே விடாமல் உடனிருந்து, 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை) எண்ணை அழையுங்கள். கட்டணமின்றி எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பிள்ளை தானாகவே உதவி கேட்க 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.