ஜெர்மானியக் கூர்முனைத் தலைக்கவசத்தில் உள்ள சின்னங்கள் எதைக் குறிக்கின்றன?

பிக்கெல்ஹவுபே எனப்படும் இக்கவசத்தை 1842-ல் பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம் தம் படைக்கு அறிமுகப்படுத்தினார். கவசம் பதப்படுத்திய கெட்டித் தோலால் ஆனது. அதன் உச்சியில் உள்ள கூர்முனையைப் பலர் குத்தும் ஆயுதம் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது தாக்குவதற்கென அமைந்ததன்று. பீரங்கிப் படையினரின் கவசத்தில் அந்தக் கூர்முனைக்குப் பதிலாக உருண்டை ஒன்று இருந்தது.

அணிந்தவர் எந்த அரசின் படையைச் சேர்ந்தவர் என்பதை முக்கியமாக உணர்த்தியது முன்புற உலோகத் தகடுதான். 1871-ல் பேரரசு உருவான பிறகும் ஜெர்மனி பல அரசுகளின் கூட்டாகவே இருந்ததால், தகடுகள் ஒரே மாதிரியாக அமையவில்லை: பிரஷ்யத் தகட்டில் சிறகு விரித்த கழுகும் ‘இறைவன் துணையுடன் அரசருக்காகவும் தாய்நாட்டுக்காகவும்’ என்ற பொருளுடைய வாசகமும், பவேரியத் தகட்டில் கேடயத்தைத் தாங்கும் இரு சிங்கங்களும், வூர்ட்டம்பெர்க் தகட்டில் சிங்கத்துடன் கலைமானும் இடம்பெற்றன. தகட்டைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ‘பிரஷ்யக் கவசம்’ என்று அழைப்பது, என் பார்வையில், பழம்பொருள் விற்பனையில் மிகுதியாகக் காணப்படும் பிழை.

பக்கவாட்டில் உள்ள வட்ட வண்ணப் பதக்கங்கள் காலத்தைக் கணிக்க உதவும். 1897 முதல் வலப்புறத்தில் பேரரசின் கறுப்பு, வெள்ளை, சிவப்பு நிறங்களும், இடப்புறத்தில் அந்தந்த அரசின் நிறங்களும் அணியப்பட்டன.

முதல் உலகப் போரில் எறிகணைச் சிதறல்களைத் தடுக்கத் தோலுக்கு வலுவில்லை என்பது தெளிவானதால், 1916 முதல் போர்முனையில் எஃகுத் தலைக்கவசம் அதன் இடத்தைப் பிடித்தது.